பதின்மூன்றே தட்டு!

ஜூலை வந்தால் நெய்வேலி டிடிபி கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. லிக்னைட் ஹால் புத்தகக் கண்காட்சிக்குப் பேனர், நோட்டீஸ், விலைப்பட்டியல்... எல்லாமே ‘இன்னைக்கே வேணும்ணே!’ அந்த நெரிசலில் கவுண்டரைத் தாண்டி உள்ளே எட்டிப் பாருங்கள். திரையை விடுங்கள், விரல்களைப் பாருங்கள்! ஒருவர் தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ். டைப்ரைட்டர் மிஷினில் பழகிய வரிசையைக் கணினியிலும் விளாசித் தள்ளுகிறார். பக்கத்து மேசைத் தம்பி ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கிறார். மூன்றாவது வழி ஒன்று உண்டே என்று கேட்டால் இருவருமே உதட்டைப் பிதுக்குவார்கள். மூன்றிலும் கெட்டி அதுதான்!

தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டிப் பிறந்து, தமிழக அரசே ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உள்ளே அத்தனை சாமர்த்தியம்! உயிரெழுத்துகள் இடது கைக்கு. மெய்யில் பெரும்பகுதி வலது கைக்கு. அடிக்கடி வரும் க, ப, ம, த எல்லாம் விரல் இளைப்பாறும் நடு வரிசையில். ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘க’வின் தலையில் புள்ளி தானே வந்து உட்காரும். ‘ங’வை அடுத்து ‘க’, ‘ந’வை அடுத்து ‘த’ வந்தாலும் அப்படியே. ‘மமதை’ மட்டும் முரண்டு பிடிக்கும் (குணம் அப்படி!), நடுவே ஓர் ‘அ’ தட்டிச் சமாதானப்படுத்த வேண்டும். நம்ம ஊர்ச் சரக்கையே எடுங்கள்: ‘பழுப்பு நிலக்கரி’. இடைவெளியைக் கழித்தால் ஆங்கில வழியில் 17 தட்டு. தமிழ்99இல் 13!

பிறகு ஏன் விலைபோகவில்லை? கூவி விற்க ஆளில்லை. கடையில் வாங்கும் கீபோர்டில் ஆங்கில எழுத்து மட்டும்தான். விண்டோஸ் 2000 தமிழ் பேசத் தொடங்கியபோது கூடவே வந்தது இன்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு விசைப்பலகை. தமிழ்99ஐ ஏற்ற அதே அரசு, தட்டச்சர் வேலைக்குக் கேட்டதோ மிஷினில் அடித்துத் தேறிய லோயர், ஹையர் சான்றிதழ். இன்ஸ்டிட்யூட்டுகள் வேறெதைச் சொல்லித்தரும்? ஆங்கில வழியோ ‘புதுசா எதுவும் படிக்க வேண்டாம்’ என்ற ஒரே ஆசைவார்த்தையில் ஊரையே வளைத்துப்போட்டது. 1936இல் காப்புரிமை பெற்ற டிவோராக் ஆங்கில விசைப்பலகையும் இப்படித்தான் ஓரங்கட்டப்பட்டது. தமிழ்99க்கு ஆணை போட்டால் போதும், ஜனங்கள் தாமாகப் பழகிவிடுவார்கள் என்று நம்பினார்களே, அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

இன்னும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. ஐபோனில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்குச் செல்லினம் செயலி உண்டு. முதல் சில நாள் விரல் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸுக்குப் போய் இன்றைக்கே மாற்றிப் பாருங்களேன்!