ஊடை இல்லாத துணி

எடப்பாடியில் தறி பார்க்காதவர்கள் குறைவு. பாவு நூல்கள் ஒன்றோடொன்று பின்னாமல், ஒரே திசையில் விறைப்பாக இழுபட்டு நிற்குமே, நம் தசையும் அப்படித்தான். ஊடையே இல்லாத துணி அது. நார்கள் எல்லாம் ஒரே வாக்கில் ஓடுவதால்தான் சுருங்கும்போது அத்தனையும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கின்றன.

தசை நார் ஒற்றைச் செல்லிலிருந்து நீள்வதில்லை. முன்னோடிச் செல்கள் பல வரிசையாக நின்று, சவ்வுகள் கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே இழையாகின்றன. ஆய்வகத்தில் வெறும் தட்டில் விட்டால் அந்த முன்னோடிச் செல்கள் திசைக்கொன்றாக ஒட்டும். நுண்ணிழைகளை ஒரே போக்கில் பரப்பிய தளத்தில் விட்டால் இழையோடு இழையாக நீண்டு படுக்கும்.

ஆனால் செல் அந்த இழையை நேராகத் தொடுவதில்லை. வளர்ப்பு நீர்மம் பட்ட சில நொடிகளிலேயே தளத்தின் மேல் புரதங்கள் படிந்துவிடும். செல்லின் சவ்விலுள்ள இன்டெக்ரின் என்னும் பிடிகள் பற்றுவது அந்தப் புரதங்களைத்தான். ஃபைப்ரோநெக்டின் என்ற பெரிய புரதத்தில் அவை தேடுவது மூன்றே அமினோ அமிலங்களின் தொடர்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். பியர்ஷ்பாகர், ரூஸ்லாத்தி என்ற ஆய்வாளர்கள் 1984-இல் இதைக் கண்டறிந்தார்கள்.

பட்டு நெய்கிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. சேலம் வெண்பட்டு வேட்டிக்கு வரும் மல்பெரிப் பட்டின் ஃபைப்ராயினில் இந்த மூன்றின் தொடர் இல்லை. காட்டு மரங்களில் வளரும் டசர் புழுவின் பட்டில் அது இயல்பாகவே இருக்கிறது. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் சுபாஸ் குண்டுவின் குழு டசர் பட்டைத் திசு வளர்க்கும் தளமாகப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது.

என்னை அதிகம் வியக்கவைப்பது செல் ஊன்றும் தரையின் மென்மை பற்றிய கண்டுபிடிப்பு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டிஷரின் குழு 2004-இல் வெவ்வேறு கெட்டித்தன்மை கொண்ட கூழ்மங்களில் தசைச் செல்களை வளர்த்தது. இழைகள் எல்லாவற்றிலும் உருவாயின. ஆனால் சுருங்கும் தசைக்கு அடையாளமான குறுக்கு வரிகள், உண்மைத் தசையளவு மென்மையான, சுமார் 12 கிலோபாஸ்கல் தளத்தில்தான் செம்மையாக அமைந்தன. ஆய்வகப் பிளாஸ்டிக் தட்டு அதைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் கெட்டி. செல் தன் பிடிகளால் தரையை இழுத்துப் பார்க்கிறது. அது எவ்வளவு இளகுகிறது என்பதற்கேற்ப உள்ளே தன்னை அமைத்துக்கொள்கிறது.

தசைச்சிதைவு நோயில் தழும்பு படர்ந்து தசை விறைத்துவிடுகிறது. வெளியிலிருந்து நல்ல செல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், அவை ஊன்ற வேண்டிய தரை அங்கே முன்பே இறுகிக் கிடக்கிறது.