வடம் இறுகும் நேரம்

நியூயார்க்குக்குப் போகும் பிரயாணிகள் சுதந்திர தேவியின் சிலையையும் மன்ஹாட்டனின் வானளாவிய மாளிகைகளையும் காமெராவில் அடக்கிக்கொண்டு திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் துறைமுகத்தின் ஜீவநாடி துடிப்பதோ, ஸ்டேட்டன் தீவுக்கும் நியூஜெர்ஸியைச் சேர்ந்த பேயோன் நகரத்துக்கும் நடுவே, சுமார் மூன்று மைல் நீளமும் ஆயிரம் அடி அகலமும் கொண்ட கில் வான் குல் என்னும் ஒடுங்கிய நீரிணையில். நியூவார்க், எலிசபெத் துறைகளுக்குச் சரக்கேற்றி வரும் பெரிய கப்பல்களும், அவற்றுக்கு எரிஎண்ணெய் கொண்டுபோகும் பார்ஜுகளும், இவற்றையெல்லாம் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கும் இழுவைப் படகுகளும் இரவு பகலாக இவ்வழியே போய்வந்துகொண்டிருக்க, தென்கரையில் சாலையோரமாகவே நின்று அவ்வளவையும் பார்க்கலாம் என்பது படம் பிடிப்பவர்களுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம்.

நீரிணையின் மேற்குக் கோடியில், பெர்கன் முனை என்ற இடத்தில், கப்பல்கள் வலப்புறமாகத் திரும்பி நியூவார்க் விரிகுடாவுக்குள் நுழைய வேண்டும். மெதுவாகச் செல்லும் கப்பலின் சுக்கானில் வந்து மோதும் நீருக்கு வேகமில்லாததால், ஆயிரத்திருநூறு அடி நீளமுள்ள பிரம்மாண்டமான கப்பல் அந்தத் திருப்பத்தில் சுக்கானை மட்டும் நம்பித் திரும்ப முடியாது. வீதி முனையில் தேர் திரும்பும்போது வடம் பிடிப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவனுடைய கைத்திறனில்தான் தேரின் கதி இருக்கிறது. ஆயினும் ஜனங்களின் கண்ணெல்லாம் தேர்மேல் இருக்குமேயன்றி அவன்மேல் இராது. இழுவைப் படகின் ஸ்தானமும் அத்தகையதே. அதைப் படம் பிடிக்க விரும்புகிறவர் முதலில் அதன் வேலையை ஊன்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் அந்தப் படகின் விசேஷமெல்லாம் அதன் பலத்தில் இருக்கிறது. பலம் கண்ணுக்குத் தெரிகிற வஸ்து அன்று. அது எங்கே, எந்தக் கணத்தில் வெளிப்படும் என்பதை அறிந்தவருக்கே அது படத்தில் அகப்படும்.

வடம் கட்டும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கப்பலின் உயர்ந்த மேல்தளத்திலிருந்து மெல்லிய கயிறு ஒன்று கீழே இறங்கி வருகிறது. படகின் முன்தளத்தில் நிற்கும் தொழிலாளி, அண்ணாந்து பார்த்து அதைப் பற்றி, தன் வடத்தோடு முடிச்சிடுகிறான். மேலே இருப்பவர்கள் அதை இழுத்தெடுத்து, வடத்தின் கண்ணியைக் கப்பலின் கட்டுத்தூணில் மாட்டுகிறார்கள். அடுத்து அவன் செய்யும் காரியமே கவனிக்கத்தக்கது: வடம் இறுகத் தொடங்குவதற்கு முன்பே அவன் அந்த இடத்தைவிட்டு அகன்றுவிடுகிறான். முறுக்கேறிய வடம் அறுந்து பின்னோக்கி வீசினால், அதன் பாதையில் நிற்பவன் உயிர் தப்புவது துர்லபம். ஆகையால் மனிதனுடைய முகம் வேண்டுமானால் அவன் அண்ணாந்து கை நீட்டும் அந்தச் சில விநாடிகளுக்குள் எடுத்துவிட வேண்டும். அவன் விலகிய பிறகு, தொய்ந்து கிடந்த வடம் நீரை உதறிக்கொண்டு நேர்கோடாக நிமிர்வதும், படகு ஒருபுறம் சாய்வதும், அதன் பின்னால் நீர் வெண்மையாகக் கொந்தளித்து எழுவதும்தான் பார்க்க வேண்டியவை. இந்தக் கொந்தளிப்பை வெட்டிவிட்டு எடுத்த படத்தில், மிகப் பலம் வாய்ந்த படகும் சும்மா நிற்பதாகவே தோன்றும்.

இக்காலத்து இழுவைப் படகுகள் பலவற்றில் உந்துசக்கரங்களையே எத்திசையிலும் முழு வட்டமாகத் திருப்பலாமாதலால், படகு பக்கவாட்டிலும் நகரும், நின்ற இடத்திலேயே சுழலும். படகு கப்பலைத் தள்ளும்போது ரப்பர்க் கவசம் பூண்ட தன் அணியத்தைக் கப்பலின் விலாவில் கண்ட இடத்தில் வைப்பதில்லை. அந்த விலாவில், இழுவைப் படகைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துக்கள் பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கும். உள்ளே உறுதியான இரும்புச் சட்டங்கள் தாங்கி நிற்கும் இடம் அது என்று பொருள். வேறிடத்தில் தள்ளினால் தகடு நசுங்கிவிடக்கூடும். அந்த எழுத்துக்களை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்பவர், படகு எங்கே வந்து முட்டப்போகிறது என்பதை அறிந்து, காமெராவைத் தயாராக வைத்துக் காத்திருக்கலாம்.

ஒளியைப் பொறுத்தவரை ஸ்டேட்டன் தீவின் கரை மிகவும் சிலாக்கியமானது. அங்கு நிற்பவர் வடக்கு நோக்கி நிற்பதால் பகல் நேரத்தில் சூரியன் முதுகுப்புறம் இருந்து படகுகளின் மேல் நேராக ஒளி வீசும். எதிர்க்கரையான பேயோனிலிருந்து பார்த்தாலோ வெயில் எதிரே இருக்கும். கறுத்த நிழலுருவங்களை விரும்புவோர் அங்கே போகலாம். இத்துறைமுகத்தில் இழுவைப் படகுகளை நடத்தும் மோரன் கம்பெனியின் படகில் கறுப்புப் புகைபோக்கியும் அதில் ஒரு பெரிய வெள்ளை எழுத்தும் இருக்கும். இப்படிக் கறுப்பும் வெளுப்பும் அருகருகே வரும்போது வெள்ளைக்கு ஏற்றவாறு ஒளியை அளந்து வைத்தால்தான் அதன் விவரம் அழியாது. கோடைப் பிற்பகலில் நீருக்கு மேலே காற்று சூடேறி அலைவதால், எவ்வளவு உயர்ந்த டெலி லென்ஸும் தூரத்துக் காட்சியைக் கலங்கவே காட்டும். குளிர்காலத்துக் காலை வேளைக்கு ஈடு எதுவுமில்லை.

1931-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேயோன் பாலத்தின் எஃகு வளைவைப் பின்னணியாகக் கொள்பவர்கள் பலர். அதன் சாலைத்தளம் நீர்மட்டத்துக்கு மேல் 151 அடி உயரத்தில் இருந்தவரை பெரும் கப்பல்கள் உள்ளே வர இயலாதிருந்தது. அதை 215 அடிக்கு உயர்த்திய பின், 2017 முதல் அவை வரத் தொடங்கின. பாலம் அழகானதுதான், ஆனால் அதன் கம்பீரத்தில் மயங்கி, படகைக் கீழே ஒரு புள்ளியாக்கிவிடுவதை நான் ஒப்பமாட்டேன்.

சித்திரக்காரர்களும் இப்படகுகளுக்கு நெடுங்காலம் நியாயம் செய்யவில்லை. டெர்னர் 1839-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், பழைய போர்க்கப்பலான டெமரேர் வெண்ணிறத் தேவதையாக ஒளிர, அதை உடைப்பதற்கு இழுத்துச் செல்லும் நீராவிப் படகு கரிய உருவத்தோடு புகை கக்குகிறது. பேயோன் கரையில், சிதைந்த கப்பல்களின் பாகங்களைக் கொண்டே தமக்கொரு மிதக்கும் சித்திரசாலை அமைத்துக்கொண்ட ஜான் நோபிள் என்ற கலைஞரோ (1913-1983), இந்த நீரிணையின் படகுகளையும் பார்ஜுகளையும் தொழிலாளிகளையும் கல்லச்சுச் சித்திரங்களாக வரைவதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டார். முதிய மாலுமிகளுக்காக 1833-இல் ஸ்டேட்டன் தீவில் திறக்கப்பட்ட ஸ்னக் ஹார்பர் இல்லத்தில், இன்று அந்தச் சித்திரசாலையையே பார்க்கலாம். காமெராவோடு கரையில் நிற்பதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் செலவிடுவது எந்தப் புகைப்படப் பாடத்தையும்விட அதிகம் பயன் தரும்.

பயங்கரவாதத் தாக்குதல் நிகழ்ந்த 2001 செப்டம்பர் 11 அன்று, மன்ஹாட்டனின் தென்முனையில் அகப்பட்டுக்கொண்ட ஜனங்களை ஏற்றிச்செல்ல இழுவைப் படகுகளும் பயணிப் படகுகளும் தாமாகவே விரைந்தன. சுமார் ஒன்பது மணி நேரத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் நீர்வழியே அக்கரை சேர்ந்தார்கள். சுமந்து பழக்கமில்லாத அந்தச் சுமையோடு இழுவைப் படகுகள் புறப்படுவதைக் காட்டும் படங்கள் இன்றும் நமக்குக் கிடைப்பது, அன்று யாரோ சிலர் காமெராவை அவற்றின் பக்கமும் திருப்பியதால்தான்.

இழுவைப் படகுகள் விற்கப்படுகின்றன, பெயர் மாறுகின்றன, வேறு வர்ணம் பூசப்படுகின்றன. முடிவில் பல இரும்புக்காக உடைக்கப்படுகின்றன. ஆகவே எந்தத் துறைமுகத்தில் படம் பிடித்தாலும், அங்குள்ள அனுமதி விதிகளை முதலில் கேட்டறிந்துகொண்டு, எடுத்த ஒவ்வொரு படத்தோடும் படகின் பெயரையும் இடத்தையும் தேதியையும் தவறாமல் எழுதி வையுங்கள்.