குழாய் வந்தது, தண்ணீர் எங்கே?



திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவார்கள். தொட்டி கட்டியாச்சு, குழாய் போட்டாச்சு, மாலையும் போட்டாச்சு. ஆறு மாதம் கழித்து மோட்டார் நின்றால் ஒருவரும் வருவதில்லை. அண்மையில் நாம் போன ஒரு தோட்டத்திலும் இதே கதைதான். லயத்துப் பெண்கள் பழையபடி வாளியோடு ஓடைக்கு நடக்கிறார்கள். கக்கூசுக்கு ஊற்றவும் தண்ணீர் இல்லை. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. "கிராணிகிட்ட சொல்லியாச்சுங்க, பாக்கிறேன்னாரு" என்றார் ஓர் அம்மா. என்றைக்குச் சொன்னார்? எழுத்தில் ஒன்றும் இல்லை!

இது நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. நம் பாட்டன்மார் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும், இந்தியாவின் மற்றப் பகுதிகளிலும், 1960களின் கடும் வறட்சிக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கைப்பம்பு வைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கென்று செய்த வார்ப்பிரும்புப் பம்பை ஊரே அடித்தால் தாங்குமா? 1970களில் போய்ப் பார்த்தால் பெரும்பாலானவை உடைந்து கிடந்தன.

பிறகுதான் உறுதியான 'இந்தியா மார்க் 2' பம்பு வந்தது. பம்பை மட்டும் மாற்றவில்லை, ஆளையும் வைத்தார்கள். ஊரிலேயே ஒருவர் போல்ட்டை முறுக்கி, சங்கிலிக்குக் கிரீஸ் போட வேண்டும். அவர் கையில் விலாசம் எழுதிய தபால் அட்டை. பம்பு கெட்டால் அதைப் போட்டுவிடுவார். வட்டாரத்தில் மெக்கானிக், பெரிய பழுதுக்கு மாவட்டத்திலிருந்து லாரியோடு ஒரு குழு. அந்த அட்டைதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

நம் நாட்டில் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி, தோட்ட வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை. கெஞ்சிக் கேட்கும் தருமம் அல்ல இது. ஆனால் உரிமையைக் கேட்கக் கையில் கணக்கு வேண்டும்.

ஆகவே லயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தண்ணீர் வந்த நேரம், நின்ற நாள், தொட்டி கழுவிய தேதி, அடைத்த கக்கூஸ், யாரிடம் சொன்னோம், என்ன பதில், எல்லாம் எழுதுங்கள். படிக்கிற பிள்ளை எழுதட்டும். வாளி தூக்கும் பெண்கள் சொல்லட்டும். புகாரையும் எழுத்திலேயே கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையா? நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். தொழிலாளர் இலாகாவுக்குச் சேர்ந்தே போவோம். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

குழாயைக் கேட்டு வாங்கியது பாதி வேலை. அதைக் காப்பாற்றுவது மீதி வேலை!