வீட்டுக் கணனி அடிக்கடி நின்று போகிறதா?

மகள் பாடசாலை ஒப்படையை முக்கால்வாசி தட்டச்சு செய்துவிட்டாள். திடீரென்று திரை நீலமாகிறது. அதில் ஆங்கிலத்தில் நாலு வரி. வாசித்து முடிப்பதற்குள் கணனி அணைந்து, தானாகவே மறுபடி எழும்புகிறது. “உம்மா, இது திரும்பவும் நின்டுட்டு!” என்று உள்ளிருந்து சத்தம் வருகிறது. இரண்டு கிழமைக்குள் இது ஐந்தாவது தடவை.

அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து ‘வைரஸ்’ என்பார். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவார்கள். நாலு நாள் நன்றாக ஓடும். ஐந்தாம் நாள் பழைய கதைதான். எங்கள் வீட்டில் இது இரண்டு முறை நடந்தது. மூன்றாம் முறை, திருத்தும் கடையில் மதர்போர்ட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். வாங்கவில்லை. கடைசியில் குற்றவாளி, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு ரெம் துண்டு. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சென்றது. உங்களாலும் முடியும்.

ஆனால் ஆணி கழற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. கணனி ஓடுகின்ற நேரமாகப் பார்த்து, படங்களையும் முக்கியமான ஆவணங்களையும் வெளியே ஒரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்துவிடுங்கள். மௌத்தான வாப்பாவின் படங்கள் எங்கள் கணனியில் மட்டுமே இருந்தன என்பது, அது ஐந்து தடவை நின்ற பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பழைய வகை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒழுங்கான சத்தம் கேட்டால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு தடவை போடுவதும் உள்ளே இருப்பதை மேலும் கெடுக்கலாம்.

பிரதி எடுத்தாயிற்றா? இனி ஒரு கொப்பியை எடுத்துக் கணனிக்குப் பக்கத்தில் வையுங்கள். எப்போது நின்றது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நீலத்திரை வந்ததா அல்லது விளக்கை அணைத்ததுபோல் பட்டென்று போனதா என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். வைத்தியரிடம் போகும்போது காய்ச்சல் எத்தனை நாள், காலையிலா இரவிலா என்று சொல்வதில்லையா? அதேபோல்தான்.

நீலத்திரை நின்று பேச வேண்டுமென்றால் தானாக எழும்புவதை நிறுத்த வேண்டும். தேடும் பெட்டியில் ‘அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அன்ட் ரிகவரி’ என்ற பகுதிக்குள் போய், ‘ஓட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். அதில் வரும் பெயரைக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பெயர் வந்தால் ஏதோ ஒரு மென்பொருளின் அல்லது டிரைவரின் குழப்பமாக இருக்கலாம். தடவைக்கு ஒரு பெயராக மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் ரெம் மீதுதான்.

விண்டோஸின் ‘இவென்ட் வியூவர்’ என்ற பதிவேட்டில் ‘கேர்னல் பவர் 41’ என்றொரு வரியைக் காண்பீர்கள். பவர் என்ற சொல்லைக் கண்டவுடன் பவர் சப்ளைதான் பழுது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது பிழை. கணனி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்வதில்லை.

கோளாறு விண்டோஸிலா, பாகத்திலா என்று பிரித்தறிய நல்ல வழி ஒன்று உண்டு. ‘உபுண்டு’ போன்ற இலவச லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் போட்டு, கணனியில் நிறுவாமல் அதிலிருந்தே ஓடவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். அங்கேயும் நின்றால் விண்டோஸை அழித்துப் போடுவது காசுக்கு நட்டம்.

இனி ரெம். கணனியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில விநாடி அமத்திப் பிடியுங்கள். பெட்டியைத் திறந்ததும் உள்ளிருக்கும் பூச்சில்லாத இரும்பைத் தொடுங்கள். உங்கள் உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ரெம் துண்டின் ஓரத்துப் பிடியை விலக்கிக் கழற்றி, தங்க நிறப் பற்களைச் சுத்தமான உலர்ந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். ‘டிக்’ என்று பூட்டும்வரை திரும்ப அமத்துங்கள். பல கணனிகளின் நோய் இதோடு தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால், இரண்டு துண்டுகள் இருந்தால் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதோடு மட்டும் இரண்டு நாள் ஓட்டுங்கள். பிறகு அதே குழியில் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள். ஒன்றோடு நின்று மற்றதோடு நிற்காவிட்டால் விடை கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே குழியில் கோளாறு காட்டி வேறு குழியில் ஒழுங்காக ஓடினால் பழுது குழியில்தான். உறுதிப்படுத்திக்கொள்ள ‘மெம்டெஸ்ட் 86 பிளஸ்’ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து இரவு முழுக்க ஓடவிடலாம். காலையில் ஒரே ஒரு பிழையைக் காட்டினாலும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு விடிவதற்குள் திரை சிவந்து போயிருந்தது.

பத்து இருபது நிமிடம் பாரமான வேலை செய்த பின் நின்று, ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறதா? சூட்டைப் பாருங்கள். ‘எச்டபிள்யூ இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு பாகத்தின் வெப்பத்தையும் காட்டும். இன்றைய சிபியு பலவும் 100 பாகை செல்சியஸ் அளவில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். தூசு தட்டும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீலத்திரையே இல்லாமல் பட்டென்று அணைகிறதென்றால் மின்சாரப் பக்கம் திரும்ப வேண்டும். முதலில் மல்டி பிளக்கை விட்டுவிட்டு, வேறு அறையில் நேரடியாகச் சுவரில் பொருத்திப் பாருங்கள். நம் நாட்டின் மின்சாரம் 230 வோல்ட் என்பது ஏட்டில். மின்அழுத்தியும் தண்ணீர் மோட்டரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் வீட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்பது வேறு கதை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது நினைவிருக்கும். கரன்ட் போன கையோடு பிளக்கைக் கழற்றுங்கள். திரும்ப வரும்போது சீராக வருமென்று சொல்ல முடியாது. சுவரில் குறையில்லை என்றால், நன்றாக ஓடும் இன்னொரு பவர் சப்ளையை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். உயிருக்கு ஆபத்து.

நோய் ஓரிடம், வலி வேறிடம் என்பதும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணனி சிபியு சிலவற்றில் இப்படித்தான் நடந்தது. வீடியோ நினைவகம் போதாது என்று கணனி சொல்ல, பலர் கிராபிக்ஸ் கார்டைக் குறை கூறினார்கள். தேவைக்கு அதிகமான வோல்ட் சிபியுவைப் பழுதாக்குகிறது என்பதை 2024 ஜூலையில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்கான பயோஸ் திருத்தம் ஓகஸ்ட் முதல் வெளிவந்தது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டினார்கள். ஏற்கனவே பழுதானதை அந்தத் திருத்தம் குணமாக்காது. உங்களிடம் இருப்பது அந்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணனியின் பற்றரி உப்பியிருந்தால் மேற்சொன்ன எதையும் செய்ய வேண்டாம். சார்ஜ் செய்வதை நிறுத்தி, குத்தாமல், அமத்தாமல் கடைக்குக் கொண்டு போங்கள்.

மற்றவர்களும் கடைக்குத்தான் போக நேர்ந்தால் அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். ‘விண்டோஸ் 10 பழசு, அதுதான் நிற்கிறது’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் நின்றது உண்மை. பாதுகாப்புக்குப் புதியதற்கு மாறுவதும் நல்லது. ஆனால் அதற்காகக் கணனி தினமும் அணையாது. எந்தப் பாகத்தை மாற்றுகிறார்கள், அது கெட்டதென்று எப்படிக் கண்டார்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு வாங்கி வாருங்கள்.