எண்பத்தைந்து மார்க் வேண்டும்!

யுத்தம் முடிந்தது என்றால் சிப்பாய் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட வேண்டியதுதானே என்று நாம் நினைப்போம். அவனைப் பெற்றவளும் அப்படித்தான் நினைப்பாள். ஆனால் துப்பாக்கி ஓய்வது வேறு. வீட்டு வாசற்படியை மிதிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. சில சமயம் ஒரு வருஷமும் இருக்கிறது!

1945-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்தது. அமெரிக்கத் தரைப்படையில் அப்போது 80 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இவர்களில் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது? பட்டாளம் பட்டாளமாக அனுப்பினால், நேற்று வந்து சேர்ந்த பையன் கப்பல் ஏறிவிடுவான். மூன்று வருஷம் அடிபட்டவன் கரையில் நின்று கைகாட்டுவான். ஆகவே அதிகாரிகள் ராணுவத்தில் வழக்கமில்லாத ஒரு காரியம் செய்தார்கள். சிப்பாய்களையே அபிப்பிராயம் கேட்டார்கள்! அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஒரு மார்க் திட்டம் வகுத்தார்கள்.

சேவையில் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 மார்க். அந்த மாதம் கடல் கடந்து கழிந்ததானால் இன்னொரு மார்க். ஒவ்வொரு போர்ப் பதக்கத்துக்கும், கலந்துகொண்ட பெரும் போர் ஒவ்வொன்றுக்கும் 5. வீட்டில் 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், தலைக்கு 12. ஆனால் மூன்று குழந்தைகளுக்கு மேல் கணக்கில்லை. பெண்டாட்டிக்கு? ஒரு மார்க்கும் கிடையாது! மொத்தம் 85 சேர்ந்தால் ஊருக்குப் போகலாம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவன் மூன்று வருஷம் சேவை செய்திருக்கிறான்; 36. அதில் இரண்டு வருஷம் வெளிநாடு, 24. இரண்டு பெரும் போர்கள்; 10. வீட்டில் ஒரு குழந்தை, 12. ஆக 82. மூன்று மார்க்கில் பெயில்! அந்த மூன்று மார்க்குக்காக அவன் ஜப்பான் போர்முனைக்குக்கூடக் கப்பலேற நேரலாம் என்ற பயம் அந்த வேனிற்காலம் முழுவதும் இருந்தது. ஆகஸ்டில் ஜப்பான் பணிந்த பிறகுதான் அந்தப் பயம் தீர்ந்தது.

பயம் தீர்ந்ததும் பொறுமையும் தீர்ந்தது. பிரான்ஸில் லெ ஹாவ்ர் துறைமுகத்தின் அருகே கூடாரங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்த முகாம்களுக்கு 'லக்கி ஸ்டிரைக்', 'ஓல்ட் கோல்ட்' என்று சிகரெட்டுகளின் பெயர். சும்மா இருக்கிற கை விஷமம் செய்யும் அல்லவா? இங்கிலாந்தில் ஷ்ரிவன்ஹாமிலும் பிரான்ஸில் பியாரிட்ஸிலும் சிப்பாய்களுக்கென்றே தற்காலிகச் சர்வகலாசாலைகள் திறந்தார்கள். இன்னொரு பக்கம், 'மாயக் கம்பளம்' என்று பெயரிட்டுக் கப்பல் திட்டம் ஒன்று நடந்தது. விமானந்தாங்கிக் கப்பல்களில் விமானம் நின்ற இடத்தில் அடுக்கடுக்காகப் படுக்கைகள் போட்டார்கள். 'சாரடோகா' என்ற கப்பல் மட்டும் 29 ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றி வந்தது.

ஆனாலும் வீட்டில் இருந்தவர்களுக்கு அது போதவில்லை. "அப்பாவைத் திருப்பி அனுப்பு" என்று மனைவிமார்கள் சங்கம் அமைத்தார்கள். சட்டசபை அங்கத்தினர்களுக்குக் குழந்தைகளின் சின்னஞ்சிறு பாதரட்சைகளைத் தபாலில் அனுப்பினார்கள். சிப்பாய்களோ, "கப்பல் இல்லையேல் ஓட்டும் இல்லை" என்று கடிதங்களில் முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

1946-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆட்களை அனுப்பும் வேகம் குறைக்கப்படும். கப்பல் இருந்தாலும், மாற்று ஆள் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான் என்பது அதன் சாரம். அவ்வளவுதான்! மணிலாவில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் வீதியில் ஊர்வலம் வந்தார்கள். குவாமிலும், பாரிஸிலும், பிராங்க்பர்ட்டிலும், நமது கல்கத்தாவிலும்கூட அந்தக் குரல் எழுந்தது. அதே மாதத்தில் கராச்சியின் ட்ரிக் ரோடு தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது இந்தியத் தளங்களுக்கும், இலங்கைக்கும், சிங்கப்பூருக்கும் பரவியது.

இத்தனை நாள் பொறுத்தவர்கள் ஏன் திடீரென்று பொங்கினார்கள்? காத்திருப்பது மாத்திரம் காரணமல்ல. வரிசை நியாயமாக நகர்கிறவரையில் மனிதன் எவ்வளவு நேரமும் நிற்பான். தன் முறை வந்த பிறகு, "இன்னும் கொஞ்சம் நில்" என்றால்தான் அவனுக்குத் தாங்குவதில்லை.

நம்மவர்கள் கதை இன்னும் சோகமானது. ஜப்பான் பணிந்த பிறகு ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை ஜாவாவுக்கு அனுப்பினார்கள். 1945 நவம்பரில் சுரபாயாவில், சுதந்திரம் கேட்ட இந்தோனேசியர்களை எதிர்த்து அவர்கள் போரிட நேர்ந்தது. நேருஜி அதைக் கண்டித்தார். ஆயினும் 1946 நவம்பரில்தான் கடைசி இந்தியப் படைகள் அங்கிருந்து கிளம்பின. உலக யுத்தத்தில் பிழைத்து, அது முடிந்த பிறகு உயிரை விட்டவர்களும் அவர்களில் உண்டு.

அமெரிக்கத் தரைப்படையில் 1946 ஜூன் முடிவதற்குள் 20 லட்சத்துக்கும் குறைவானவர்களே மிஞ்சினார்கள். மற்றவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் பலர் குழந்தையைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். அந்தக் குழந்தைக்குச் சர்க்கார் போட்ட மதிப்பு 12 மார்க். தகப்பனுக்கு அது எவ்வளவு என்று எந்த அதிகாரியால் கணக்கிட முடியும்?