ஜிசிசி தொகுப்பியில் இன்லைன் வரம்புகள்

ஒரு செயற்கூறு அழைக்கப்படும் இடத்திலேயே அதன் உடற்பகுதியை நகலெடுத்து வைப்பது இன்லைன் ஆக்கம் எனப்படும். இதனால் அழைப்புக்கும் திரும்புதலுக்கும் ஆகும் நேரம் மிச்சமாகிறது. ஆனால் நகல்கள் பெருகினால் நிரல் பருத்துவிடும். செயலியின் கேஷ் நினைவகத்தில் அடங்காமல் வேகமே குறையவும் கூடும். எனவே தொகுப்பிகள் இதற்கு வரம்பு வைத்துள்ளன.

சி, சி++ மொழிகளுக்கான ஜிசிசி தொகுப்பியில் அளவு வரம்புகளுள் முதன்மையானவை இரண்டு. 'மேக்ஸ்-இன்லைன்-இன்சன்ஸ்-சிங்கிள்' என்பது நிரலரே இன்லைன் என அறிவித்த செயற்கூறுகளுக்கு உரியது. 'மேக்ஸ்-இன்லைன்-இன்சன்ஸ்-ஆட்டோ' என்பது தொகுப்பி தானாகத் தேர்ந்தெடுப்பவற்றுக்கு உரியது. அண்மைப் பதிப்புகளில் இவற்றின் இயல்பு மதிப்புகள் -ஓ2 நிலையில் முறையே 70, 15. -ஓ3 நிலையில் 200, 30. இவை இயந்திர ஆணைகளின் எண்ணிக்கை அல்ல. தொகுப்பி தன் கணிப்புக்காக வைத்துள்ள போலி ஆணைகளின் எண்ணிக்கை. அதன் பொருள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம்.

'-எஃப்இன்லைன்-லிமிட்' என்ற தேர்வு, கொடுக்கப்படும் எண்ணின் பாதியை இவ்விரண்டு வரம்புகளுக்கும் ஒருசேர அளிக்கிறது. மாணவர்கள் இடறும் இடம் இதுவே. -ஓ2 நிலையில் 100 என்று கொடுத்தால் இரண்டும் 50 ஆகும். முதல் வரம்பு 70-இலிருந்து இறங்குகிறது. இரண்டாவதோ 15-இலிருந்து ஏறுகிறது. நிரலர் கேட்டுக்கொண்ட செயற்கூறுகள் சில விடுபட, கேட்காதவை உள்ளே வந்துவிடலாம். இயல்பு மதிப்புகள் இரண்டும் வெவ்வேறானவை என்பதால், எந்த எண்ணைக் கொடுத்தாலும் பழைய நிலை திரும்பாது. '--பாரம்' தேர்வின் வழியே ஒவ்வொரு வரம்பையும் தனித்தனியே மாற்றுவதே மேல்.

வரம்பைக் கண்மூடித்தனமாக உயர்த்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நகலெடுக்கப்பட்ட செயற்கூறின் உள்ளக மாறிகள் அழைத்த செயற்கூறின் ஸ்டேக் சட்டகத்தில் சேர்கின்றன. 64-பிட் எக்ஸ்86 கணினிகளில் லினக்ஸ் கெர்னல் ஓர் இழைக்குப் பொதுவாக 16 கிலோபைட் ஸ்டேக் மட்டுமே ஒதுக்குகிறது. அது நிரம்பி வழிந்தால் கணினியே நின்றுவிடலாம். எனவே பெரிய மாறிகள் கொண்ட செயற்கூறுகளுக்கு அதன் மூலநிரலில் 'நோஇன்லைன்_ஃபார்_ஸ்டேக்' என்ற குறி இடப்படுகிறது. பொது வரம்பில் கை வைக்காமல், சிக்கலான அந்த ஒரு செயற்கூறை மட்டும் இது தடுக்கிறது.

இன்லைன் என அறிவித்தும் ஒரு செயற்கூறு நகலெடுக்கப்படாவிட்டால், '-டபிள்யூஇன்லைன்' தேர்வு அதை எச்சரிக்கையாகக் காட்டும்.