நாளைக்கு மேடை... இன்றைக்குத் தூக்கம் வரலையா?

சிதம்பரம் நடராஜர் கோயிலில் ஓர் இடம் உண்டு. அங்கே நின்று ஒரு பக்கம் பார்த்தால் ஆடும் நடராஜர். திரும்பினால் பாம்பணையில் படுத்திருக்கும் கோவிந்தராஜப் பெருமாள். ஆட்டமும் உறக்கமும் ஒரே கோயிலுக்குள். ஆனால், மகா சிவராத்திரியை ஒட்டி அந்த ஊருக்கு ஆட வருகிறவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை!

1981-ல் தொடங்கியது சிதம்பரம் நாட்டியாஞ்சலி. சிவராத்திரியன்று ஆரம்பித்து ஐந்து நாட்கள் நடக்கும். எங்கெங்கிருந்தோ நாட்டியக் கலைஞர்கள் வருகிறார்கள். பல வருடப் பயிற்சி. மேடையில் கிடைப்பதோ சில நிமிடங்கள். முந்தைய இரவு லாட்ஜ் அறையில் அம்மா பத்து மணிக்கே லைட்டை அணைத்துவிடுவார். "தூங்குடி, இல்லைன்னா நாளைக்கு முகம் வாடிப்போயிடும்!" மகள் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஜதி சொல்லிக்கொண்டிருப்பாள். மணி பன்னிரண்டு ஆகும், ஒன்று ஆகும். 'இப்பத் தூங்கினாக்கூட நாலு மணி நேரம்தான்' என்ற கணக்கு ஆரம்பித்துவிட்டால், அப்புறம் எங்கே தூங்குவது?

கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் மறுநாள் மாவட்டப் போட்டி என்றால், பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் பல வீடுகளில் இதே கதைதான். அங்கே சலங்கை, இங்கே ஸ்பைக்ஸ் ஷூ. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது உங்கள் பிள்ளையின் பலவீனம் இல்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மனியைச் சேர்ந்த 632 விளையாட்டு வீரர்களிடம் கேட்டார்கள். முக்கியமான போட்டிக்கு முந்தைய இரவில் சரியாகத் தூங்காமல் போனது கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறையாவது நடந்திருக்கிறது என்று மூன்றில் இரண்டு பேர் சொன்னார்கள். முக்கால்வாசிப் பிரச்னை தூக்கம் பிடிப்பதில்தான். ஆனால், தூக்கம் கெட்டதால் ஆட்டம் கெடவில்லை என்பதே அவர்களில் பெரும்பாலோரின் பதில்!

சச்சின் டெண்டுல்கரும் இந்த வரிசையில்தான் வருகிறார். தன் 24 வருட கிரிக்கெட் வாழ்க்கையில் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் பதற்றத்தோடும், மேட்சுக்கு முந்தைய தூக்கமில்லாத இரவுகளோடும் கழிந்ததாக 2021-ல் அவரே சொன்னார். பிறகு, 'உடம்பு ஆட்டத்துக்குத் தயாராகும் விதம் இதுதான்' என்று ஏற்றுக்கொண்டாராம். தூக்கம் வராவிட்டால் டி.வி பார்ப்பது, வீடியோ கேம் ஆடுவது. மேட்ச் அன்று காலையில் தானே டீ போடுவது, துணிகளுக்கு இஸ்திரி போடுவது. இந்தியாவே எதிர்பார்த்த மனிதர், இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துத் தன்னை நிதானப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

சிதம்பரத்துக்கு வரும் கலைஞர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. புது இடம்! 'இடம் மாறினா எனக்குத் தூக்கம் வராது' என்று தாத்தாக்கள் சொல்வது வெறும் சாக்கு இல்லை. 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். புது இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இடது பாதி ஆழ்ந்து உறங்காமல், காவல்காரர் மாதிரி சத்தங்களுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தது. அதனால் முடிந்தால் ஒருநாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது. அது முடியாவிட்டால் வீட்டுத் தலையணை உறை, பழகிய போர்வை என்று ஏதாவது பையில் போகலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த ஒரு ராத்திரியைப் பற்றி இல்லை. அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களை ஐந்து முதல் ஏழு வாரங்கள், தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஓட்டத்தில் வேகம் கூடியது. ஃப்ரீ த்ரோ குறி 9 சதவிகிதம் மேம்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க 'எக்ஸ்ட்ரா பிராக்டிஸ்' என்று விடியற்காலையில் எழுப்பிவிட்டு, கடைசி ராத்திரி மட்டும் எட்டு மணிக்கே 'படு படு' என்கிறோம். சேமிப்பே இல்லாத கணக்கில் ஒரே நாளில் பணம் எடுக்க முடியுமா?

இதைவிட மோசமானது, தூங்குவதற்காக இருமல் சிரப் கொடுப்பது. மயக்கம் தரும் மருந்துகளின் அசதி மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கும். சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் பரபரப்பே கூடிவிடும். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு ஆபத்தும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 16 வயது ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகான், ஜலதோஷ மாத்திரையில் இருந்த சூடோஎபிட்ரினால் தங்கப் பதக்கத்தை இழந்தார். மாத்திரையைக் கொடுத்தது அணியின் மருத்துவர்!

படபடப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளும் சில விளையாட்டுகளில் தடை செய்யப்பட்டவை. துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, கோல்ஃப் ஆகியவை அதில் அடங்கும். கோல்ஃபில் என்ன படபடப்பு என்று தோன்றலாம். அசையாமல் கிடக்கும் பந்து, யோசிக்க வேண்டிய அளவு நேரம். மனதை அலைக்கழிக்க அதுவே போதும். ஒரு போட்டி நான்கு நாள் நீளும் என்பதால், முன்னணியில் இருப்பவர் அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு ராத்திரியும் படுக்க வேண்டும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் மூன்றாம் சுற்று முடிவில் இரண்டாம் இடத்தில் இருந்தார். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட ஆகஸ்ட் 7 அதிகாலையில் டி.வி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பதக்கம் கைநழுவி, நான்காம் இடம். பார்த்தவர்களுக்கே தூக்கம் போனது.

சரி, நாளைக்கு மேடை. இப்போது மணி பதினொன்று. என்ன செய்யலாம்?

ஒரு பேப்பர், பேனா. நாளைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். சலங்கை, ஊக்கு, அடையாள அட்டை, எத்தனை மணி பஸ் என்று ஒன்றுவிடாமல். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுதப் பலன் கூடியது. அப்படியும் தூக்கம் வரவில்லையா? புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் படுக்கலாம். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். செல்போன் அம்மாவிடம் இருக்கட்டும். முக்கியமாக, 'தூங்கலைன்னா எல்லாம் போச்சு' என்ற வசனம் வேண்டாம். 'தூங்காட்டியும் பரவாயில்லை, சும்மா படுத்திரு' என்று சொல்லிப் பாருங்கள். தூங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் விலகினாலே பலருக்குக் கண் செருகிவிடும்.

காலையில் நெஞ்சு படபடத்தால் 'பயப்படாதே' என்பதும் பெரிதாக உதவாது. ஹார்வர்டு ஆய்வாளர் ஒருவர் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், பாடுவதற்கும் பேசுவதற்கும் முன்னால் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், தங்களை அமைதிப்படுத்த முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பு அதேதான், அதற்கு வைக்கும் பெயர்தான் வேறு.

போட்டி முடிந்த பிறகும் வாரத்தில் மூன்று ராத்திரி, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் அது வேறு விஷயம். டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இரவு நேர மேடை என்றால் ஆடி முடித்த பிறகும் உடனே தூக்கம் வராது. மேக்கப் கலைத்து, ஜடை பிரித்து முடிக்கவே நேரமாகும். அதற்குப் பிறகும் காதில் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு யாரும் தூங்கச் சொல்லி விரட்ட வேண்டாம். மறுநாள் காலை டிக்கெட்டை மட்டும் சீக்கிரமாகப் போட்டுவிடாதீர்கள். தாமதமாக எழுந்து, இட்லியும் சிதம்பரம் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.